ஒரே வெள்ளை

காத்தான்குடி ஆறாம் குறிச்சிக் கலியாணத்துக்கு
மூன்று தட்டுக் கேக்.
ஐசிங் மஞ்சளாய் நிற்கிறது, பட்டரின் குணம்.
வெள்ளைப் போத்தலைத் திறக்கையில்
பெயின்ற் வேலை முடித்து வந்த தம்பி றபாய்தீன்
லேபலை எழுத்துக் கூட்டி வாசித்தான்:
டைட்டேனியம் டையொக்சைட்.
"என்ட வாளியிலயும் இதுதானே கிடக்கு, ராத்தா."

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

வெள்ளித் தாளில் ஒரு துண்டு கிள்ளி
விரலிடையில் தேய்த்தேன்.
வெள்ளியென்றால் தோலில் கரைந்து காணாமற் போகும்.
இது உருண்டது,
சிகரெட் பெட்டித் தாள் மாதிரி
சின்னப் பந்தாய்.

பெண்ணின் உம்மாவுக்குக் கோல் எடுத்தேன்:
"கேக் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும்."
அந்தப் பக்கம் மௌனம், மீன்காரனின் ஹோன்.
"போட்டோவுல வெள்ளையா வருமா?"

பந்து இன்னும் நகத்துக்கடியில்.
வெள்ளிக்கிழமை ஏறாவூருக்குப் போன பெட்டியிலும்
இதே தாள்.
அந்த நம்பரைத் தேடுகிறேன்.