கோர்னெலின் திருத்தங்கள்

எங்கள் மொழியில் இந்த ஊரின் பெயருக்குப்
படகு என்று பொருள்.
ஆறுதான் கண்ணில் படாது.
நெசவாலைக் காலத்தில் அதைக்
குழாய்க்குள் தள்ளி மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
மழை வலுத்த இரவில்
சாக்கடை மூடியருகே குனிந்தால் கேட்கும்.

நகராட்சி கேட்டது வேறு:
வூச் நகரக் கலைஞர்களுக்கு ஒரு வரைபடம்,
பயணிகள் மடித்துப் பையில் வைக்கும்படி.
கூடம் எது, பட்டறை எது, காபி எங்கே கிடைக்கும்.
முன்பணம் வாங்கிக்கொண்டேன்.
பிறகு பழைய சாயப்பட்டறையின் வடக்குச் சுவரில்
ஊசியும் நூலுமாக
ஆட்களைப் பொருத்த ஆரம்பித்தேன்.

பச்சை, ஒரே அடுப்பில் குளிர்காய்ந்தவர்களுக்கு.
கறுப்பு, பேச்சை நிறுத்தியவர்களுக்கு.
சிவப்பைச் சொல்ல வேண்டியதில்லை;
இரண்டாவது வாரமே தீர்ந்துபோய்
கடைக்குப் போனால்
"மறுபடியுமா?" என்கிறாள் கல்லாக்காரி.

இடாலியாவிடமிருந்து ஸெனோனுக்கு ஒரு சிவப்பு,
ஸெனோனிடமிருந்து போகுமீவாவுக்கு இன்னொன்று.
போகுமீவாவிலிருந்து இடாலியாவுக்குப் போவது
சிவப்பா பச்சையா என்று
இருவரிடமும் தனித்தனியே கேட்டேன்.
ஒருத்தி ஊதா என்றாள்.
மற்றவள் போனை வைத்துவிட்டாள்.
ஊதாவும் வாங்கினேன்.

கைமாற்றாக வாங்கிய ஒரு புரொஜெக்டர்
ஏழு வீடு சுற்றியிருக்கிறது.
அதற்கும் ஒரு நூல் கொடுத்தேன்.
அது போன வழியில்தான்
ஊரின் பாதிக் காதல்கள் நடந்திருக்கின்றன:
இருட்டறை, வெள்ளைச் சுவர்,
ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலி.

திறப்பு விழாவில் யாரும்
சுவர் முழுவதையும் பார்க்கவில்லை.
அவரவர் ஊசியைத் தேடினார்கள்.
அதிலிருந்து கிளம்பும் நூல்களை எண்ணினார்கள்,
பக்கத்து ஊசியின் நூல்களையும்.
வைன் தீரும் முன்பே ஸெனோனின் கறுப்புகளில்
மூன்று அறுந்து தொங்கின.
யார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக வந்தார் கோர்னெல்,
வேன் ஓட்டுபவர்.
நாற்காலிகளை ஏற்ற வந்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப்
பெயர்களை மெல்ல வாசித்தார்.
"இது தப்பு" என்றார்.
"இடாலியா அவன் வீட்டை விட்டது மே மாதமில்லை, மார்ச்.
பனி விழுந்துகொண்டிருந்தது. கட்டில் நனையுமே என்று
என் தார்ப்பாயைக் கொடுத்தேன்.
இதோ, இவர்கள் பிரியவே இல்லை.
பெட்டிகளை ஏற்றிப் பாலம்வரை போய்த்
திரும்பிவிட்டோம். அரைக் கூலிதான் வாங்கினேன்.
இந்தக் கறுப்பும் வேண்டாம்.
இவன் பியானோவை மூன்றாம் மாடிக்கு
அவன்தான் தூக்கினான்,
ஒரு முனையில் இவன், மறுமுனையில் அவன்,
வாய் திறக்காமல்."

நான் ஏணியில். அவர் கீழே.
இரவு ஒன்றரைவரை அவிழ்ப்பதும் முடிவதும்.
சுவரில் அவர் பெயர் எங்குமே இல்லை என்பது
எனக்கு உறைத்தபோது
மிச்சமிருந்தது வெள்ளைத் தையல் நூல் மட்டும்.
"உங்களுக்கு எந்த நிறம்?"
"எனக்கெதற்கு, நானென்ன படம் வரைகிறேனா?"
கொஞ்சம் நின்றார்.
இடாலியாவின் ஊசியை
விரல் நுனியால் ஒருமுறை அழுத்திவிட்டு,
"அந்தத் தார்ப்பாயை அவள் இன்னும் தரவில்லை" என்றார்.

நாற்காலிகளை ஏற்றினோம்.

நகராட்சிக்குக் காபிக் கடைகளை மட்டும்
வரைந்து அனுப்பினேன். பதினொன்று.
பிழை ஏதுமில்லை என்று
பதில் வந்தது.