ஐந்தாவது வட்டம்

தேவகோட்டையில் ஏழு ஐந்துக்கு எடுக்கும் பஸ்ஸில்
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்தான்
எனக்கும் ராவியத்துக்கும் பயிற்சி மையம்.
அவள் கேட்பாள், நான் சொல்வேன்.
ராஸ்தா தாண்டியதும் நான் கேட்பேன், அவள் சொல்வாள்.
தப்பாய்ப்போன கேள்விகள் பயணச்சீட்டின் முதுகில் ஏறும்.
காரைக்குடியில் இறங்கும்போது தோற்றவள் டீ வாங்க வேண்டும்.
இந்த மாதம் பெரும்பாலும் நான்.

வரலாறு தொந்தரவு செய்வதில்லை.
பானிபட்டில் தோற்றவர்கள்
தோற்றவர்களாகவே கிடக்கிறார்கள்.
நடப்பு நிகழ்வுகள்தான்
ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் கைமாறிவிடுகின்றன.
யாருடைய பெயரை ஒரு மாதம் மென்று மென்று
நாக்கில் பழக்கினேனோ
அவர் ராஜினாமா செய்துவிடுகிறார்.
அடித்து எழுதுகிறேன்.
அடித்ததன் மேல் அடித்து எழுதுகிறேன்.
பரணில் கிடக்கும் ஐந்து வருட நோட்டுகளில்
பதவி போனவர்கள் எல்லாரும்
என் கையெழுத்தில் இன்னும் பதவியில் இருக்கிறார்கள்.

நிரந்தரப் பதிவு என்று பெயர்,
அதுவும் ஐந்து வருடத்தில் காலாவதி.
அடைக்கலமேரி என்று திரும்ப அடித்து
புதுப் போட்டோ ஏற்றினேன்.
பழைய போட்டோவில் இருப்பவள்
முதல் தடவையே கிடைத்துவிடும் என்று நம்புகிற முகம்.

பகலில் கல்லுக்கட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வேலை.
பக்கம் ஒரு ரூபாய், இரண்டு பக்கமும் என்றால் ஒன்றரை.
என்னோடு மோதப் போகிறவர்களுக்கு
என் கையாலேயே கேள்விகளைச் சூடு ஆறாமல் எடுத்துத் தருகிறேன்.
ஒருநாள் கெட்ட புத்தி,
புதுவயல் பையனின் கட்டில்
நாற்பத்தேழாம் பக்கத்தைப் போடாமல் விட்டேன்.
அரிசி ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன்,
புருவத்தில் தவிடு.
மறுநாள் நானே கூப்பிட்டுக் கொடுத்தேன்.
"கவனிக்கவே இல்லைக்கா" என்று நன்றி சொன்னான்.
அந்தப் பக்கத்தில்தான் இருந்தது
கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருடம்.
எதிர்க்கடையில் வரிசையாகத் தொங்குகிறது சேலை.
வருடத்தைத் தப்பாகச் சொன்னது நான்.

இன்றைக்கு ராவியத்
"தற்போதைய" என்று தொடங்கும் ஒன்றைக் கேட்டாள்.
பெயரைச் சொன்னேன்.
"சரி" என்றாள்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர்
நிமிராமலே சொன்னார்:
"நேத்து ராத்திரி பத்தரைக்கே மாத்தியாச்சும்மா."
புதுப் பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னார்,
இறங்கியவரின் சொந்த மாநிலத்தையும் சேர்த்து.
எத்தனை தடவை எழுதினீர்கள் என்றேன்.
"ஆறு. ரெண்டு தடவை ஒன்றரை மார்க்குல போச்சு."
விசில். அமராவதிபுதூர்.
ஏறிய நாலு பேருக்கும் சீட்டுக் கிழித்துவிட்டு வந்தார்.
"இந்த வேலை கெடச்சதும் விட்டுட்டேன்.
வாய்தான் விட மாட்டேங்குது."

இப்போதெல்லாம் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம்.
விடை தெரியவில்லை என்றால்
அதையும் கருப்பாக்க வேண்டும்.
எத்தனை தெரியவில்லை என்று எண்ணிக்
கடைசியில் எழுதவும் வேண்டும்.
முதலில் எரிச்சலாக இருந்தது.
பிறகு பிடித்துப்போனது.
வீட்டில் கேட்கிறார்களே,
இன்னும் எத்தனை வருடம்,
ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம் என்கிறார்களே
என்ன சொல்லட்டும் என்று;
அந்தத் தாளில் நான்கு வட்டம்தான்,
நான்கையும் நிரப்பியே நீட்டுகிறார்கள்.

ராஸ்தாவில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது.
பஸ் அணைந்தது.
இந்தப் பக்கம் கருவேலங்காடு, அந்தப் பக்கம் கருவேலங்காடு,
நடுவில் வண்டி வருவதற்கான எந்தச் சத்தமும் இல்லை.
புதுப் பெயரை நோட்டில் எழுதினேன்,
பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலால்.
பின் சீட்டில் வெங்காய மூட்டைக்காரர்
பொறுமை இழந்து கத்தினார்:
"ஏப்பா, கேட்டு எப்பத்தான் தொறப்பாங்க?"

ராவியத், நான், கண்டக்டர்,
மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்:
"இ."