பணம் திரும்பாது

முதல் தளத்தில் பதினாலாயிரத்து இருநூறு.
இரண்டாவதில் பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஆனால் கடைசிப் பக்கத்தில்
வசதிக் கட்டணம் என்று ஒன்று முளைக்கிறது,
யாருடைய வசதி என்று எங்கும் போடவில்லை.
மூன்றாவது, உன்னை மஸ்கட்டில் ஏற்றி
கொழும்பில் பதினோரு மணி நேரம் உட்கார வைத்து
திருச்சியில் இறக்குமாம். மலிவுதான்.
பதினோரு மணி நேரம் சும்மா இருந்தால்
நீ என்னென்ன யோசிப்பாயோ.
அதை மூடிவிட்டேன்.

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
நெல் மூட்டை அட்டி மேல் ஏறினால்தான் சிக்னல்.
கீழே தன் குவியலுக்குக் காவலாக
தார்ப்பாய்க்குள் மருதையன் படுத்திருக்கிறார்,
ஒன்பது ராத்திரியாக.
ஈரப்பதம் பதினேழுக்கு இறங்க வேண்டும்.
காலையில் பத்தொன்பது காட்டும்,
மூன்று மணி வெயிலில் பதினேழரை,
பனி விழுந்தால் மறுபடி இருபது.
மீட்டர் என் கையில்.
ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பவர் முகம்
எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
இன்று அந்த முகத்தை நானே வைத்துக்கொண்டு
பட்டியல் எழுதும் பேனாவால்
உள்ளங்கையில் விலைகளைக் குறிக்கிறேன்.

இன்னும் இரண்டே இருக்கைகள் என்று
சிவப்பில் மிரட்டுகிறது.
இந்த நிமிடம் நாற்பத்தோரு பேர் பார்க்கிறார்களாம்.
எந்த நாற்பத்தோரு பேர்?
ஆலத்தம்பாடியிலும் நெடும்பலத்திலும்
என்னைப்போல் அட்டி மேல் நிற்பவர்களா?

ஒரே போனில் திரும்பத் திரும்பத் தேடினால்
நம்ம அவசரம் அதுக்குத் தெரிஞ்சுடும்க்கா என்றான்
மொபைல் கடை ஜமீல்.
சாக்குத் தைக்கும் அஞ்சம்மாளின் போனை வாங்கிப் பார்த்தேன்.
நூறு ரூபாய் கூடவே காட்டியது.
அவளுக்கு யார் வர வேண்டுமோ.

குடும்பப் பெயர் கேட்கிறது.
உன் பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெற்று.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது என்பதால்
உன் பெயரையே இரண்டு முறை போட்டேன்.
காத்தமுத்து காத்தமுத்து.
கொல்லையில் நிற்பவனைக்
கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

இதற்கு முன் இரண்டு தடவையும்
நல்ல தளமாகத்தான் பார்த்தேன்.
எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்,
முழுப் பணமும் திரும்பும்.
அதற்கென்றே ஆயிரத்து எண்ணூறு கூடக் கொடுத்தேன்.
நீயும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்தாய்.
ஆடியில் ஓவர்டைம்.
தீபாவளிக்கு, விசாவில் ஏதோ முத்திரை.
சொன்ன சொல் தவறாமல்
எட்டாம் நாள் பணம் வந்து சேர்ந்தது.
இவ்வளவு நாணயமானவர்களை நான் பார்த்ததில்லை.
அவர்கள் மேல் எனக்கொரு குறையும் கிடையாது.

நான்காவது தளம் இது.
பதின்மூன்றாயிரத்து நூற்றுப் பத்து, இருபது கிலோ சுமை,
மாசி மகத்துக்கு முதல் நாள் விடியற்காலை.
எறும்பு எழுத்தில் கீழே போட்டிருக்கிறது:
ரத்து செய்தால் பணம் திரும்பாது.
தேதி மாற்ற இயலாது.
பெயர் மாற்ற இயலாது.
மூன்று முறை வாசித்தேன்.
நம் கல்யாணத்தில் ஐயர் சொன்னது
எனக்குப் புரியவில்லை,
இது புரிந்தது.

ஓடிபி வர இன்னும் ஒரு மூட்டை மேலே ஏற வேண்டியிருந்தது.
நாற்பது நொடி, முப்பது, பதினொன்று.
வந்தது.
ஆறு எண்களையும் வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன்.

தார்ப்பாய் அசைந்தது.
மருதையன் தலையை நீட்டினார்.
எத்தனம்மா காட்டுது?

தூக்கத்தில் கேட்கிறாரா, விழித்தா தெரியவில்லை.
பதிமூணாயிரத்து நூத்திப்பத்து என்றேன்.

அவ்வளவு ஈரமா, என்றவர்
போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார்.