இரண்டு முறை கலைத்தேன்

கலைப்பு உத்தரவை அடித்தவன் நான்தான்,
இரண்டே விரலால்.
கீமாரிப் பஞ்சாலையில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்ததே
இடது காலுக்காக.

எல்லோரும் அப்படித்தான்.
பெஜார் ஏட்டில் கொதிகலன் உதவியாள்;
கொதிகலன் எந்தத் திசை என்று அவனுக்குத் தெரியாது.
ஷம்பே காவலாள், காத்தது கோல்கம்பத்தை.
மாதம் முந்நூறு ரூபாய், வருடத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்,
ஆட்டமிருந்தால் அரை லிட்டர் பால்.

லாகூர் வரை ரயிலேறிப் போய்த் தோற்றோம்.
மறுவருடம் அதே ரயில், மூன்றாம் வகுப்பு,
கோப்பையில் தேநீர் ஊற்றி
ரோஹ்ரியிலிருந்து கராச்சி வரை
ஆளுக்கொரு வாய்.
அடியில் கறை இன்னும் போகவில்லை என்பார்கள்.
கோப்பைதான் எங்கே?

புது நிர்வாகம் வந்தது.
நஷ்டம் தரும் பிரிவுகள்:
கேன்டீன், மருந்தகம், கால்பந்து.
ஓர் எழுத்துப் பிழை. திரும்ப அடி என்றார்கள்.
ஆகவே இரண்டு முறை கலைத்தேன்.

வலைகளை எடைக்குப் போட்டபோது
இப்ராஹிம் ஹைதரியில் படகு வைத்திருக்கும்
ஷம்பேயின் மச்சான் வாங்கினான்.
கண் பெரிது, உதவாது என்றோம்; கேட்கவில்லை.
விடியலில் இழுத்தால்
மத்தி மொத்தமும் நழுவிப் போகிறது.
“எண்ணிக்கொள், ஒவ்வொன்றும் கோல்” என்றான் ஷம்பே.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரேயொரு நெய்மீன் சிக்கியிருந்தது,
வலது மூலையில், உச்சியில்.
பதினொரு வருடம்
அவன் கை எட்டாத இடம் அது.