துணையுணவு

கிளிநொச்சி ஹோட்டல் மேல்மாடியில், ஏசிக்குக் கீழே
வகுப்பெடுத்த தம்பி முதலில் சொன்னது:
மருந்து எண்டு வாயே திறக்கக் கூடாது, அக்கா.
துணையுணவு.
குணமாகும் எண்டும் சொல்லாதேங்கோ.
இலேசா இருக்கும் எண்டு சொல்லுங்கோ.
பிறகு எல்லாருக்கும் வடையும் நெஸ்கபேயும் வந்தது.

ஒரு போத்தலில் அறுபது குளிசை.
மஞ்சள், இஞ்சி, குங்கிலியம், கொஞ்சம் மிளகு.
மூவாயிரத்து எண்ணூறு ரூபா.
அதில் எனக்கு அறுநூறு.
மூன்று சில்லு ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில்
பன்னிரண்டு போத்தல் பிடிக்கும்,
மழைச்சட்டையை எடுத்துவிட்டால் பதினைந்து.

விசுவமடுவில் தொடங்கி தேராவில், உடையார்கட்டு,
அங்கால் சுதந்திரபுரம் மட்டும் என் றூட்.
இந்த றோட்டில் வியாபாரம் நல்லம் என்று சொல்ல
நாக்கூசுகிறது.
ஆனால் நல்லம்.
எந்தப் படலையில் கோண் அடித்தாலும்
ஒரு முழங்கால், ஒரு தோள்மூட்டு, ஒரு முள்ளந்தண்டு
கதிரையைப் பிடித்து எழும்பி வரும்.

தவமலர் அக்கா காசுக்குப் பதில் பயறு தந்தா.
செபமாலை மாஸ்ரர் லேபிளை முழுக்க வாசித்து
ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்து
வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.
ஒருத்தி, பேர் வேண்டாம், கேட்டாள்:
இது குடிச்சால் நித்திரை வருமோ?
இல்லை என்றேன்.
அப்ப வேண்டாம்.

நேற்று குரவில் பக்கம், இன்பராசா வீடு.
நாற்பது வயதிருக்கும். இடுப்பில் இரண்டு துண்டு.
படம் எடுத்துப் பார்த்த டொக்டர்
தொடாமல் விடுவம் என்றாராம்.
மழைக்கு முதல்நாளே அவருக்கு மழை தெரியும்,
அயலில் வெங்காயம் காயப்போடுகிறவர்கள்
அவரைக் கேட்டுத்தான் போடுகிறார்கள்.

போத்தலைக் குலுக்கினார்.
காதுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
பிறகு கேட்டார், பகிடி இல்லாமல்:
இது இரும்பைக் கரைக்குமே?

வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.

வீக்கத்துக்குத்தான், என்றேன்.
சுத்திவர இருக்கிற சதைக்கு.
அப்ப அது அப்பிடியே கிடக்கும்.
ஓம், கிடக்கும்.

உள்ளே போய், இயர்போன் உடைத்தெடுத்த
பொத்தான் அளவு காந்தமொன்றோடு வந்தார்.
சேட்டைத் தூக்கி, இடதுபக்கம், எலும்புக்குச் சற்று மேலே
வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.
விழவில்லை.
மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்,
ஆயிரம் தரம் பார்த்த வித்தைக்காரனைப் பார்ப்பதுபோல.

நீங்களும் இதைத்தான் குடிக்கிறனீங்களோ?
என் காலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.
ஓம். இரவில் இரண்டு, கழிவு விலைக்கு.
எந்தக் காலுக்கு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
வலிக்கிறது ஜெய்ப்பூர்க் காலுக்குள்ளே,
பதினைந்து வருடமாக இல்லாத குதிக்காலில்,
சிலநாள் அந்தச் சின்னி விரலில் மட்டும்.
குளிசை எந்த வழியால் அங்கே போகும் என்று
நானும் வகுப்பில் கேட்கவில்லை.
வடை ஆறிக்கொண்டிருந்தது.

பாதிப் போத்தல் தருவீங்களோ என்றார்.
உடைத்து விற்கக் கூடாதென்பது கம்பெனிச் சட்டம்.
உடைத்தேன்.
பழைய பிஸ்கட் ரின்னுக்குள் இருவருமாக எண்ணினோம்,
இருபத்தொன்பது, முப்பது.
ஒன்று கைதவறி சீமெந்தில் உருண்டு
உரலுக்கடியில் போனது.

மகள் படுத்துக் கிடந்து அதை எடுத்தாள்.
ஊதினாள்.
தகப்பனின் இடுப்பிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி
குளிசையில் வைத்துப் பார்த்தாள்,
திருப்பி வைத்தும் பார்த்தாள்.

இதுக்குள்ள ஒண்டுமில்லை அப்பா, என்றாள்.
ஒட்டுதில்லை.