மூன்று கோடுகள்

ஈசூன் எம்ஆர்டி கேட்டருகே, நூற்றெண்பது வெள்ளி.
"எல்லாம் க்ளியர் லா" என்று
பையை நீட்டிவிட்டு நடந்தான் அந்தப் பையன்.

வீட்டில் திறந்தால் ரொஸானா.
வட்டத்துக்குள் ஒற்றைக் காதுப் பூனை.
கடவுச்சொல்லுக்குக் குறிப்பு: வழக்கமானதுதான்.
யார் வழக்கம்?

எனக்கென்று அவன் போட்டுத்தந்த கணக்கில் நுழைந்து
நிர்வாகி ஆனேன். வேலையிடத்தில் கிடைக்காத பதவி.
நீக்கு என்றேன்.
கோப்புகளும் போகும், சம்மதமா என்றது.
எதையும் பார்க்கவில்லை.
பொய். ஒன்று பார்த்தேன்: மின்கட்டணம்,
மூன்றாம் நினைவூட்டல்.
அப்புறம்தான் சம்மதித்தேன்.

பூனையும் போனது.

மறுநாள் சமையலறை ஜன்னலோரம் தூக்கிவைத்தேன்.
கேட்காமலே வைஃபை பிடித்துக்கொண்டது:
ரொஸானா வீடு. மூன்று கோடுகள்.

வெளியே, மேல்மாடி மூங்கில் கழியிலிருந்து
யாருடைய சட்டையோ
என் சட்டைமேல்
சொட்டிக்கொண்டிருக்கிறது.