வில்லங்கம்

சாவி கைக்கு வந்து பதினோரு நாள்.
பெட்டிகள் பாதிகூடப் பிரிக்கவில்லை.
உருளைக்கிழங்கை வேக வைத்துவிட்டு
வீட்டுப் பத்திரத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.
இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள்,
எந்தப் பலகையையும் படிக்காமல் தாண்டியதில்லை.
வங்கிக்காரன் சொல்லியிருந்தான்:
வில்லங்கம் எதுவும் இல்லை, சுத்தம்.

மனை எண் பதினான்கு, கான்சஸ் சிட்டி.
வடக்கே பதின்மூன்று, தெற்கே பதினைந்து,
கிழக்கே ஹாலிஸ் தெரு, மேற்கே சந்து.
கோழி வளர்க்கக் கூடாது.
வேலி நான்கடிக்கு மேல் எழக் கூடாது.
பிறகு அதே மையில், குரல் உயர்த்தாமல்:

நீக்ரோ இனத்தவர் எவருக்கும்
இம்மனையை விற்கவோ, குத்தகைக்கு விடவோ,
தானமாய்க் கொடுக்கவோ கூடாது.
அவர்கள் இதில் குடியிருக்கவும் கூடாது,
வீட்டு வேலையாட்கள் நீங்கலாக.

அடுத்த வரி சாக்கடைக் குழாய் பற்றியது.

கோபம் உடனே வரவில்லை.
இடத்தைத்தான் பார்த்தேன்.
வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு பந்தி,
ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட சின்ன 'சரி'.
பானை பொங்கி அடுப்பு அணைந்தது.

நீங்கலாக.
அந்தச் சொல்லில்தான் என் அம்மா குடியிருந்தாள்.
ஆர்லீதா ப்ரூயிட்.
இதே தெருவில், எந்த வீடென்று தெரியாது,
நிலவறையில், கொதிகலன் பக்கத்தில் ஒரு கட்டில்.
எனக்கு வியாழக்கிழமை மதியம் கிடைப்பாள்,
ஒன்றுவிட்ட ஞாயிறும் கிடைப்பாள்.
மற்ற நாளெல்லாம் அவர்கள் பிள்ளைகளுக்குக்
காய்ச்சல் பார்த்தாள்.
கிழக்கே இருக்கும் தெருவை
அவள் கழுவிய ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பாள்.
வந்ததும் போனதும் மேற்கே, சந்து வழி.
"எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்பார்களாம்.
மாதிரி.

மறுநாள் பதிவு அலுவலகம் போனேன்.
சளி பிடித்த ஒரு பையன், ஸ்வோபோடா என்று பெயர்ப்பட்டை.
"இது செல்லாதும்மா. நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்பவே
கோர்ட்டு தள்ளிடுச்சு."
செல்லாதது ஏன் இன்னும் இருக்கிறது?
"பதிஞ்சதை எடுக்க முடியாது.
வேணும்னா மேல ஒரு தாள் சேர்த்துக்கலாம்,
மறுக்கிறேன்னு எழுதி. பதினெட்டு டாலர்."
இதைச் சேர்க்க அவர்கள் எவ்வளவு கட்டினார்கள்?
அவன் மூக்கைச் சிந்தினான். பாவம்,
அவன் பிறப்பதற்கு முன்னால் எழுதியது.
கதவுவரை போய்த் திரும்பி வந்தேன்.
கோழி?
பக்கத்தைப் புரட்டினான், விரலை வைத்துப் படித்தான்.
"கோழி விஷயம் செல்லும்."

பதினெட்டு டாலரை நான் கட்டவில்லை.
அந்தத் தாள் அப்படியே இருக்கட்டும்,
என் கையெழுத்து அதற்குக் கீழே இருக்கிறது.

ராத்திரி குப்பை போடச் சந்துக்குப் போனவள்
அப்படியே நடந்தேன், ஆறு வீடு, ஏழு வீடு.
தரையோடு தரையாக நிலவறை ஜன்னல்கள்.
ஒன்றில் தொலைக்காட்சியின் நீலம்,
ஒன்றில் யாரோ சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
எது என்று அம்மா சொன்னதில்லை.
வியாழக்கிழமைகளில் நான் வேறு என்னென்னவோ கேட்டேன்,
மிட்டாய் கேட்டேன்.
நாய் ஒன்று குரைத்தது. திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு தீவனக் கடையில்
மூன்று பெட்டைக் கோழி வாங்கினேன்,
செம்பழுப்பு, ஒன்றுக்குக் கொஞ்சம் நொண்டல்.
சந்து ஓரமாய் வைக்கவில்லை.
வாசலில், தெருவைப் பார்த்து விட்டேன்.
புல்லைக் கிளறிப் புழு தேடின,
யார் மனை என்று கேட்காமல்.

பதின்மூன்றாம் எண்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
நல்ல மனிதர்தான், முதல் நாள் கேக் கொண்டுவந்தவர்.
"இந்தத் தெருவில் கோழி கூடாதே," என்றார் மெதுவாக,
"பத்திரத்திலேயே இருக்கிறது."

படித்தேன், என்றேன்.
நீங்கள்?